கறுப்புக் கட்டம் பாடப்புத்தகத்துக்குள் வந்த கதை

தமிழ்நாடு அரசு 2018 மே மாதம் வெளியிட்ட புதிய பாடநூல்களைக் கையில் வாங்கியவர்கள் முதலில் பேசியது வழவழப்பான தாளையும் வண்ணப் படங்களையும் பற்றித்தான். அடுத்ததாகப் பேசியது, பாடத்துக்குப் பாடம் ஓரத்தில் அச்சாகியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பற்றி. விரைவுக் குறியீடு என்று புத்தகம் அதற்குப் பெயர் வைத்திருந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் க்யூஆர் கோடு என்றே அழைத்தார்கள். செல்போனில் தீக்ஷா செயலியை இறக்கிக்கொண்டு, கேமராவைக் கட்டத்துக்கு நேரே பிடித்தால், அந்தப் பாடத்துக்கான காணொலியோ படமோ கேள்விகளோ இணையத்திலிருந்து வரும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல், மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பைக்குள் இணையத்துக்குப் போகும் வழி ஒன்று அச்சில் ஏறி வந்தது.

இதைக் கண்டுபிடித்தது எந்த நாடு என்று பொது அறிவுத் தேர்வில் கேட்டால், ஜப்பான் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அது பாதிப் பதில். கட்டம் பிறந்தது ஜப்பானில். அது நம் பாடப்புத்தகக் கட்டமாகப் பிறவி எடுத்தது மகாராஷ்டிரத்தில், மாட்டுத்தொழுவத்தை ஒட்டி நின்ற ஒரு தொடக்கப்பள்ளியில். இரண்டு இடத்திலும் தொல்லை ஒன்றுதான்: சொல்ல வேண்டியது தாளில் அடங்கவில்லை.

முதல் தொல்லை ஒரு தொழிற்சாலையில் தொடங்கியது. நிப்பான் டென்சோ என்பது டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த கார் உதிரிபாக நிறுவனம். பின்னாளில் வெறும் டென்சோ ஆனது. அங்கே ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு அட்டை போகும். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரமெல்லாம் அட்டையில் பார்கோடாக அச்சிட்டிருக்கும். ஒரே மாதிரிப் பொருளை மலைமலையாகச் செய்து குவித்த காலம்வரை அது போதுமானதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பல வகைப் பொருள்களைச் சிறிய எண்ணிக்கையில் செய்யும் முறைக்கு ஜப்பானியத் தொழிற்சாலைகள் மாறின. விவரம் பெருகியது. ஒரு பார்கோடு சுமார் 20 எழுத்து அல்லது எண்களுக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரு பெட்டிக்குப் பத்துப் பார்கோடுகள் என்றானது. தொழிலாளி பத்தையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாக வேண்டும். முடித்ததும் அடுத்த பெட்டி வந்து நிற்கும். நாளெல்லாம் இதே வேலை. புகார் எழாமல் இருக்குமா?

பார்கோட்டைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், 1974 ஜூன் 26 அன்று ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூயிங்கம் பொட்டலம் ஒன்றின் மேல் அது முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. சூயிங்கத்தின் விலையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன எண் போதும். அந்த வேலைக்குப் பிறந்ததை உதிரிபாகக் கிடங்கில் இழுத்து வந்து விட்டால் திணறத்தான் செய்யும்.

புகார் போய்ச் சேர்ந்த இடம், ஸ்கேன் கருவிகளை உருவாக்கும் பிரிவு. அங்கே மசஹிரோ ஹாரா என்ற பொறியாளர் இருந்தார். கருவியைச் சீர்படுத்தித் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. கருவியை எவ்வளவு சீர்படுத்தினாலும் பத்துப் பார்கோடு பத்தாகவே இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. குறியீட்டையே மாற்ற வேண்டும். 1992-ல் வேலையைத் தொடங்கினார். குழு என்று சொன்னால் அவரையும் சேர்த்து இரண்டே பேர்.

நெடுக்கிலும் குறுக்கிலும் தகவலைச் சுமக்கும் குறியீடுகள் அமெரிக்காவில் அதற்கு முன்பே வந்துவிட்டன. அதிக விவரத்தைச் சின்ன இடத்தில் அடைப்பதில் அவை கெட்டி. ஆனால் ஸ்கேன் கருவி அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். ஹாராவுக்கு வேண்டியது வேகம். பெயரிலேயே அதைத்தான் வைத்தார். க்யூஆர் என்பதன் விரிவு விரைந்து விடை தருவது என்பதே. மதிய இடைவேளையில் கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் பழக்கம் அவருக்கு உண்டு. 19 கோடுகள் நெடுக்கிலும் 19 கோடுகள் குறுக்கிலும் ஓடும் பலகை, அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள். குறியீட்டின் வடிவத்துக்கு அந்தப் பலகைதான் வழிகாட்டியது என்று பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வேகத்துக்கான விடை மூன்று மூலைகளில் இருக்கிறது. க்யூஆர் கோடு எதை எடுத்துப் பார்த்தாலும் மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக ஓர் அடையாளம் நிற்கும்; நான்காவது மூலையில் இருக்காது. இங்கே ஒரு குறியீடு இருக்கிறது, இன்ன பக்கம் திரும்பியிருக்கிறது என்று கருவிக்குச் சொல்வது அந்த மூன்றுதான். அதனால்தான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும், சாய்த்துப் பிடித்தாலும் ஸ்கேன் ஆகிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் வேறு எழுத்தும் படமும் இருக்குமே, கருவி அவற்றைப் பார்த்து ஏமாந்துவிட்டால்? ஹாராவும் கூட்டாளியும் துண்டறிக்கை, பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் என்னென்ன விகிதத்தில் மாறி மாறி வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். அச்சில் மிக அரிதாகவே வரும் விகிதம் 1:1:3:1:1 என்று தெரியவந்தது. மூலைச் சதுரத்தின் நடுவில் எந்தப் பக்கமாகக் கோடு போட்டாலும் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்றுதான் வெட்டும். உலகமெங்கும் நாம் பார்க்கும் அந்தச் சதுரத்தின் அளவு இப்படி அச்சுக்காகிதக் குவியலில் துழாவி எடுத்த எண். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இந்த மாதிரி மாடுபோல் உழைத்த பகுதிகளை யாரும் அதிகம் எழுதுவதில்லை.

தொழிற்சாலை என்றால் எண்ணெய்க் கறை, தூசு, கிழிசல் எல்லாம் உண்டு. அதற்கும் ஏற்பாடு வேண்டும். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1960-ல் வெளியிட்ட ஒரு முறை கைகொடுத்தது. தகவலோடு, அதிலிருந்தே கணக்கிட்ட உபரித் தகவலையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். ஒரு பகுதி அழிந்துபோனால் மிச்சத்தைக்கொண்டு அழிந்ததைத் திரும்பக் கணக்கிடலாம். கீறல் விழுந்த குறுந்தகடு பாட்டைப் பாடியதும் இதே கணக்கால்தான். க்யூஆர் கோட்டில் இதற்கு நான்கு படிநிலைகள் உண்டு. மிக உயர்ந்த படியில் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதமானாலும் படித்துவிடலாம். எண்ணெய்க் கறைக்கு நினைத்துச் செய்த பாதுகாப்பு, மழையில் நனைந்த, மூலை மடங்கிய, மேலே பேனாவால் மீசை வரையப்பட்ட பள்ளிப் புத்தகத்துக்கும் பொருந்திப் போனது.

1994-ல் குறியீடு வெளிவந்தது. எண்கள் மட்டும் என்றால் 7,000-க்கு மேல் அடைக்கலாம். அந்த நிறுவனம் எடுத்த இன்னொரு முடிவுதான் நம் கதைக்கு முக்கியம். காப்புரிமை அதனிடம் இருந்தது. ஆனால் வரையறுத்த முறைப்படி குறியீட்டைப் பயன்படுத்துகிற யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று அறிவித்துவிட்டது. குறியீட்டின் இலக்கணம் பொதுவில் வெளியானது. 2000-ல் உலகத் தர அமைப்பும் ஏற்றுக்கொண்டது. 2002-ல் ஜப்பானில் இதைப் படிக்கும் செல்போன்கள் வந்தன. கட்டத்துக்கு இத்தனை பைசா என்று அன்றைக்கு விலை வைத்திருந்தால், இந்தியாவின் ஒரு மாவட்ட ஊராட்சிப் (ஜில்லா பரிஷத்) பள்ளி ஆசிரியர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அந்த ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. அங்கே பரிதேவாடி என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கு 2009-ல் வேலைக்குப் போனார். ஒரு பக்கம் மாட்டுத்தொழுவம், மறுபக்கம் சாமான் அறை, நடுவில் இடிந்த நிலையில் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம். கையில் கிடைத்த பாடநூலோ வேறு மொழியில். பாடமே புரியாத பிள்ளை பள்ளிக்கு ஏன் வரப்போகிறது?

டிசலே கன்னடம் கற்றுக்கொண்டார். முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்புவரை உள்ள பாடநூல்களைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் மாற்றி அமைத்தார். அதோடு ஒவ்வொரு பாடத்திலும் க்யூஆர் கோடு சேர்த்தார். ஸ்கேன் செய்தால் பாட்டு கேட்கும், கதை கேட்கும், பாடக் காணொலி ஓடும், வீட்டுப்பாடம் வரும். தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவருக்குத்தான் இந்த யோசனை தோன்றியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அச்சுப் பக்கமே போதும். அவருக்குப் படிக்கத் தெரியும். இப்போதுதான் எழுத்துக் கூட்டும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாடநூலின் பாட்டு, பாடிக் காட்ட ஆள் இல்லாதவரை ஊமை எழுத்து. பள்ளியில் ஆசிரியர் பாடுவார். வீட்டில் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அங்கே யார் பாடுவது? கட்டம் பாடும். இதுதான் அவர் கண்டுகொண்டது.

மகாராஷ்டிரத்தில் க்யூஆர் கோட்டைப் பாடத்தில் கொண்டுவந்த முதல் பள்ளி அதுதான். டிசலே அரசுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். முன்னோட்டமாகச் செய்து பார்த்தார்கள். எல்லா வகுப்புப் பாடநூல்களிலும் இது வரும் என்று 2017-ல் மாநில அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களிலும் க்யூஆர் கோடு இடம்பெறும் என்றார் அப்போதைய மத்திய மனிதவள அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர். மேலிருந்து கீழே சுற்றறிக்கையாக இறங்கும் கல்விச் சீர்திருத்தங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, கீழிருந்து ஒன்று மேலே ஏறியது என்பதே செய்திதான். 2020 டிசம்பர் 3 அன்று டிசலேக்கு உலக ஆசிரியர் விருது அறிவிக்கப்பட்டது. பரிசு 10 லட்சம் டாலர். இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் ஊரும் ஸ்கேன் செய்யப் பழகிவிட்டிருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் காய்கறி வண்டியிலும் கட்டம் தொங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் யுபிஐ வந்திருந்தது. 2017 பிப்ரவரியில் பாரத் க்யூஆர் வந்தது. பாடநூலில் கட்டம் அச்சானபோது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பெற்றோருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. கல்வித்துறை ஒரு ரூபாய் செலவழிக்காமல் கிடைத்த பயிற்சி அது.

ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் செய்வது வேறு. கோடிக்கணக்கான புத்தகத்தில் அச்சிடுவது வேறு. அச்சிட்ட புத்தகம் குறைந்தது ஓராண்டு பிள்ளையிடம் இருக்கும். இணைய முகவரிகளோ மாறிக்கொண்டே இருப்பவை. முகவரியை நேராகக் கட்டத்துக்குள் போட்டு அச்சிட்டுவிட்டு, பிறகு அந்தப் பக்கம் இடம் மாறிவிட்டால் புத்தகம் முழுக்கச் செத்த கட்டங்கள்தான் மிஞ்சும். இதற்கு வழி கண்டது பெங்களூருவில் உள்ள ஏக்ஸ்டெப் அறக்கட்டளை. நந்தன் நீலகேணி, ரோகிணி நீலகேணி, சங்கர் மருவாடா மூவரும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் உருவாக்கிய சன்பேர்டு என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் எழுந்ததுதான் தீக்ஷா தளம். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளில், குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு அதைத் தொடங்கிவைத்தார்.

பாடநூலைக் கூர்ந்து பார்த்தால் தீக்ஷா கட்டத்தை ஒட்டி ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சங்கேதம் இருக்கும். கட்டம் சுட்டுவது அந்த ஆறைத்தான். எந்தக் காணொலி, எந்தப் பக்கம் என்பது தாளில் கிடையாது. தீக்ஷாவின் கணினியில் அந்த ஆறெழுத்துக்கு நேரே எழுதிவைத்திருக்கிறது. தபால் நிலையத்தில் பெட்டி எண் வாங்கி வைத்திருப்பவர் வீடு மாறினாலும் கடிதம் வந்து சேர்வதுபோல, பின்னால் இருக்கும் பாடத்தை எத்தனை முறை மாற்றினாலும் அச்சிட்ட புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. கட்டத்துக்குள் தகவல் குறையக் குறையப் புள்ளிகள் பெரிதாகும்; மட்டமான கேமரா உள்ள மலிவு விலைப் போனும் படித்துவிடும். கேமரா உடைந்திருந்தால்கூட அந்த ஆறெழுத்தைத் தட்டச்சு செய்து பாடத்துக்குப் போகலாம். இந்தக் கடைசி வசதி பல பெற்றோருக்கு இன்றுவரை தெரியாது.

தமிழ்நாட்டில் காலம் கனிந்திருந்தது. மேல்நிலை வகுப்புப் பாடங்கள் பத்தாண்டுக்கும் மேலாக மாறாமல் கிடந்தன. 2017-ல் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் புதிய பாடத்திட்டக் குழு அமைந்தது. பள்ளிக் கல்வித்துறைச் செயலர் த.உதயச்சந்திரன் வேலையை முடுக்கினார். 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு 2018-லும் மற்ற வகுப்புகளுக்கு 2019-லும் நூல்கள் வந்தன. பாடப்பொருளில் பாதி இணையத்தில் இருக்கலாம் என்ற துணிச்சல் இந்த நூல்களில் தெரியும். பொருளடக்கப் பக்கத்தில் மின்நூல், மதிப்பீடு, இணைய வளங்கள் என்று தனித்தனிக் கட்டங்கள். பாட இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பெட்டி. படி 1, படி 2 என்று வழிகாட்டி, திரைக்காட்சிகளின் படங்களோடு, கடைசியில் உரலி, அதாவது இணைய முகவரி.

அந்த உரலிகளைத் தொடர்ந்து போனால் சில நல்ல மனிதர்களின் வேலையில் போய் முட்டுவோம். கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி வருவது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-ல் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் வரைந்த முக்கோணத்தை இழுக்க முடியாது என்பதுதான் இதன் பெருமை. அறிவியலுக்கு ஃபெட். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய திட்டம் அது. மின்கலமும் கம்பியும் பல்பும் திரையில் கிடக்கும். இணைத்துப் பார்க்கலாம், தப்பாக இணைத்துத் தீப்பிடிக்கவும் விடலாம். நிஜ ஆய்வகத்தில் தப்பு செய்ய யார் அனுமதிப்பார்கள்?

கட்டத்துக்குப் பின்னால் இருந்த எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தில் உள்ள பத்தியை ஒருவர் அப்படியே வாசித்துக் காட்டும் காணொலிகளும் உண்டு. அதற்கு எதற்கு இணையம்? அசைவது, ஒலிப்பது, இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று தாளால் முடியாத ஒன்றுக்காக மட்டும் கட்டத்தைச் செலவு செய்திருந்தால், எண்ணிக்கை பாதியாகி மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும். பரிதேவாடியில் அது ஒலிக்காகவும் மொழிக்காகவும் பிறந்தது. பெரிய அளவுக்குப் போனபோது, பாடத்துக்கு ஒன்று வேண்டும் என்ற கணக்கு முன்னால் வந்துவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கட்டத்துக்கு உண்மையான தேர்வு வந்தது. இணையத்தில் பாடம், புத்தகத்தில் அதற்கான வழி, எல்லாம் தயார். ஆனால் கட்டத்தைத் திறக்க ஒரு போன் வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-வது சுற்று, 2017-18 நிலவரப்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி உள்ளவை ஏறத்தாழ 15 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு என்று சொல்லியிருந்தது. கணினி உள்ள கிராமப்புற வீடுகள் 4.4 விழுக்காடு. வீட்டில் ஒரு போன் இருந்தாலும் அது பிள்ளையின் போன் ஆகாது. அப்பா வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் போகும். இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்காது. இரண்டு பிள்ளைகள் என்றால் சண்டைதான். பள்ளிக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்று காலகாலமாகப் பிள்ளைகளை அதட்டி வந்த பள்ளிகள், போன் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை எடுக்கத் தொடங்கின.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் அதிகம் கைகொடுத்தது பழைய தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாகப் பாடம் ஓடியது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரசு கொடுத்த லேப்டாப்பைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய், காணொலிப் பாடங்களைப் பதிவு செய்து வாங்கி வந்தார்கள். இணையம் இல்லாமல் இணையப் பாடம்! இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அரசு அலுவலகத்தில் யாரோ ஒருவருக்குக் கிராமத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்கள் தெருவில், திண்ணையில், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டம் செய்ய முடியாததை ஆள் செய்தார்.

இன்னொரு பக்கமும் வெளிச்சத்துக்கு வந்தது. தீக்ஷா செயலி பிள்ளைகள் இருக்கும் இடத்தின் விவரத்தைத் திரட்டக்கூடியதாக இருந்தது என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அந்தத் தளத்தோடு தொடர்புடைய ஒரு சேமிப்பகம் பூட்டப்படாமல் கிடந்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை வெளியே தெரியும்படி இருந்தது என்று 2023 ஜனவரியில் வயர்டு இதழ் எழுதியது. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரமும் அதில் இருந்தது. பாடப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை யார், எங்கே இருக்கிறது என்று புத்தகம் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இதைவிட மெல்ல நடந்த சேதம் ஒன்று உண்டு. அடோபி நிறுவனம் தன் ஃபிளாஷ் மென்பொருளை 2020 இறுதியோடு நிறுத்தப்போவதாக 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. 2018-ல் வந்த நம் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பெட்டிகள் சிலவற்றின் அடியில், தேவைப்பட்டால் ஃபிளாஷை அனுமதிக்கும்படி குறிப்பு இருந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது; அடுத்த சில வாரங்களில் முக்கிய உலாவிகள் எதிலும் அதை அனுமதிக்க வழியில்லாமல் போனது. ஃபிளாஷில் மட்டும் ஓடிய பக்கங்கள் அதோடு போயின. ஃபெட் குழு தன் செயல்பாடுகளைப் புதிய முறையில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிக்கொண்டது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை. ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் பைஜூஸ் என்ற இணையக் கல்வி நிறுவனம் வாங்கியது. 2024-ல் பைஜூஸின் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஜியோஜீப்ரா இன்னும் இயங்குகிறது. ஆனால் நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடம் எந்த ஊர் வழக்கையெல்லாம் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

உரலியை நேராக அச்சிட்ட பெட்டிக்கும் ஆறெழுத்துச் சங்கேதத்துக்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் தெரிகிறது. முன்னதில் பக்கம் செத்தால் மறுபதிப்புவரை காத்திருக்க வேண்டும். பின்னதில் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து மாற்றிவிட்டால் அன்றைக்கே எல்லாப் புத்தகமும் சரியாகிவிடும். ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான். டிசலேயின் பள்ளியில் அந்த ஒருவர் டிசலே. கட்டம் திறக்கவில்லை என்றால் மறுநாள் காலை பிள்ளை அவரிடமே போய்ச் சொல்லும். ஒரு மாநிலம் முழுக்க அச்சான கட்டம் திறக்கவில்லை என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

ஒவ்வொரு மறுபதிப்புக்கும் முன்னால் எழுத்துப்பிழை பார்க்க ஆள் வைக்கிறார்கள். அதே மேசையில், அதே நாள்களில், இன்னொருவர் ஒரு சாதாரணப் போனை வைத்துக்கொண்டு புத்தகத்தின் எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கட்டும். திறக்காததைக் குறித்துக் கொடுக்கட்டும். உரலிகளை நேராக அச்சிடுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஆறெழுத்துக்குப் பின்னால் கொண்டுவரட்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடம் தொடங்கும் நாளில் அந்த ஆறெழுத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கேமரா உடைந்த போன் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன.